எதில் முக்கினாலும் 7 காட்டிய பிஹெச் மீட்டர்: அரை மாதச் சம்பளம் போச்சு

கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து கொஞ்சம் தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் ஓர் இணையக் கடையில் பிஹெச் மீட்டர் வாங்கினேன். தண்ணீர் அமிலமா காரமா என்று எண்ணில் சொல்லும் கருவி அது: 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். விலை என் அரை மாதச் சம்பளம். மீன்தொட்டிக்கு அவ்வளவு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அளவு சரியாக இருக்க வேண்டாமா என்று வியாக்கியானம் பேசினேன்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் சாட்டில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "காலிபரேட் செய்ய வேண்டுமா?" அதாவது, பிஹெச் தெரிந்த கரைசலில் முக்கி அளவைச் சரிசெய்ய வேண்டுமா என்று. பதில் உடனே வந்தது. "தேவையே இல்லை சார், ஃபேக்டரியிலேயே செய்து அனுப்புகிறோம். அப்படியே முக்குங்க, தசமத்தில் இரண்டு இடம் வரை துல்லியம்." அந்த இரண்டு இடத்தில்தான் நான் விழுந்தேன். திரையில் 7.02 என்று வந்தால் அந்த 2 வரைக்கும் உண்மை என்று நினைத்துவிட்டேன். எத்தனை இலக்கம் காட்டுகிறது என்பது வேறு, எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பது வேறு.

தொட்டித் தண்ணீர் 7.02. நடுநிலை, அருமை என்று படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. தண்ணீரில் கொஞ்சம் அமோனியா இருப்பது தெரியும். பிஹெச் 7 என்றால் அதில் பெரும்பகுதி அம்மோனியம் அயனியாக இருக்கும், அவ்வளவு விஷமில்லை என்று தைரியமாக இருந்தேன். ஆறாம் நாள் மூன்று மீன்கள் மிதந்தன.

நண்பர் ஒருவர் பிஹெச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் சொட்டு நிறங்காட்டி கொண்டுவந்து சோதித்தார். பச்சையைத் தாண்டி நீலம் தட்டியது. குறைந்தபட்சம் 8. "ஒன்றுதானே கூட" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இது ஸ்கேல் வைத்து அளப்பது போல இல்லை, மடக்கை அளவு. ஒரு எண் நகர்ந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு மாறும், இரண்டு நகர்ந்தால் நூறு மடங்கு. 7லிருந்து 8க்குப் போனால் விஷமான அமோனியாவின் பங்கும் ஏறக்குறைய பத்து மடங்கு ஆகிவிடும். 1909இல் டேனிஷ் வேதியியலாளர் சோரன்சன் இந்த அளவைக் கொண்டுவந்ததே, நீளமான பூஜ்யங்களை எழுதாமல் சின்ன எண்ணில் சொல்லத்தான். அந்தச் சின்ன எண்தான் என்னை ஏமாற்றியது.

அப்புறம் வினிகரில் முக்கினேன். 2, 3 பக்கம் வர வேண்டும். 7.03. சோப்புத் தண்ணீரில்? 7.05! விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிக் குமிழில் முடி போல ஒரு விரிசல். நல்ல புரோப் (தண்ணீரில் முக்கும் அந்தக் குமிழ் முனை) 25 டிகிரியில் ஒரு பிஹெச் வித்தியாசத்துக்குச் சுமார் 59 மில்லிவோல்ட் தரும், 7இல் பூஜ்யம் தரும். குமிழில் விரிசல் விட்டால் எதில் முக்கினாலும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். மீட்டர் அதை 7 என்று காட்டும். நான் நடுநிலை என்று கொண்டாடியது செத்த புரோப்பின் எண்ணை.

கடைக்கு எழுதினேன். முதலில் "பேட்டரி மாற்றிப் பாருங்க சார்." மாற்றினேன். அடுத்த நாள் வேறொருவர்: "7 காட்டினால் உங்க தண்ணீர் நல்ல தண்ணீர்னு அர்த்தம்." வினிகர் வீடியோ அனுப்பினேன். "புரோப்புக்கு உத்தரவாதம் கிடையாது, நனைந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." தண்ணீரில் முக்கத்தானே ஐயா அதை விற்றீர்கள்! கடைசியில் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்று புகாரையே மூடிவிட்டார்கள். அதிலும் ஒரு 7. அரை மாதச் சம்பளம், மூன்று மீன்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். பெட்டி வந்த அன்றே 4, 7 என இரண்டு பஃபர் கரைசலிலாவது (பிஹெச் இன்னதென்று தெரிந்த, எளிதில் மாறாத கரைசல்) முக்கிப் பாருங்கள், 7 மட்டும் போதாது. காலிபரேஷனே வேண்டாம் என்பவரிடம் வாங்காதீர்கள். புரோப்பைக் காய விடாதீர்கள், வாலைவடி நீரிலும் ஊற வைக்காதீர்கள், அதற்கென்று பொட்டாசியம் குளோரைடு கரைசல் இருக்கிறது. பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். மீதியை அப்புறம் எழுதுகிறேன், தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், இன்னும் இரண்டு மீன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.