அமியோடரோன்: இரண்டரை வருடப் பழக்கம்

இதயத் துடிப்பின் தாளத்தைச் சரிசெய்ய நான் சாப்பிடும் இந்த மருந்தைப் பற்றிச் சொல்லும் முன், நோயைப் பிடிக்கவே எட்டு மாதம் ஆன கதையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்க்கும் கண்காணி, வயது 57. காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் படபடவென்று அடிக்கும். தாளம் தெரியாதவன் கையில் உறுமியைக் கொடுத்த மாதிரி. இருபது நிமிட ஆட்டம், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். மோட்டாரில் டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் இசிஜி சுத்தமாகியிருக்கும். ஒரு தனியார் கிளினிக்கில் வாயுக்கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். 24 மணி நேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் கருவியை மாட்டிக்கொண்ட அன்று பார்த்து இதயம் நல்ல பிள்ளையாக இருந்தது.

கடைசியில் ஒரு நாள் கவர்மெண்ட் கிளினிக் வாசலிலேயே ஆரம்பித்தது. படபடப்பு வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். இசிஜி தாளில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஒன்றுபோல் ஒன்று இல்லை. துடிப்புக்கு முன்னால் வரவேண்டிய சின்ன மேட்டை, பி அலையை, காணவே காணோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். மேல் அறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். அதனால் முதலில் கையில் வந்தது தாளத்துக்கான மருந்தல்ல, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின்.

கூடவே துடிப்பின் வேகத்தை அடக்க பிசோப்ரோலோல். அது வேகத்தைக் குறைத்தது, ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஈப்போவில் நிபுணரிடம் போனபோது, வேறு மருந்து இல்லையா என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். எனக்கு ஏற்கெனவே அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃப்ளெகைனைடு போன்ற தாள மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், தப்புத் துடிப்பு குறைந்தும் சாவு கூடியதாம். 1989-இல் முடிவு வெளிவந்ததிலிருந்து என் மாதிரி ஆட்களுக்கு அது கிடையாது. இன்னொரு தாள மருந்தான சோட்டலோல் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. சர்க்கரை வியாதியால் என் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. மிச்சம் இருந்தது அமியோடரோன். 1961-இல் பெல்ஜியத்தில் உருவாகி, முதலில் நெஞ்சுவலிக்குக் கொடுக்கப்பட்ட மருந்தாம்.

200 மில்லிகிராம் மாத்திரை: முதல் வாரம் தினம் மூன்று, அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஒன்று. இரண்டாம் மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. வாரத்துக்கு மூன்று முறை வந்த ஆட்டம் இப்போது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. சரி, அதற்கு என்ன விலை?

முதலில் வெயில். முதல் வருடம் ஒரு நாள் மதியம் வரை தொப்பியில்லாமல் நின்றதில் காதும் கழுத்தும் வெந்துவிட்டன. முப்பது வருடம் வெயிலில் நின்றவனுக்கு இப்படியா என்று மனைவியே நம்பவில்லை. இப்போது முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, அதற்கு மேல் சன்ஸ்கிரீன். பையன்கள் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

இரவில் எதிரே வரும் லோரி விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. கருவிழியில் மருந்து படிவதால்தான் என்று கண் டாக்டர் சொன்னார். பெரும்பாலும் பார்வை கெடாதாம். ஆனாலும் ஏழு மணிக்கு மேல் நான் மோட்டாரைத் தொடுவதில்லை.

பெரிய அடி தைராய்டில். மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். மாத்திரையில் உள்ளதில் ஒரு சிறு பங்குதான் வெளிவரும் என்றாலும் அதுவே பல மடங்கு. பதினான்காம் மாதம் எந்நேரமும் அசதி, உடம்பு ஊதியது. வயசு என்று நினைத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் ஏறியிருந்தது, அதாவது தைராய்டு மந்தமாகிவிட்டது. இப்போது அதை ஈடுகட்டும் தைராக்சின் மாத்திரையும் சேர்ந்துவிட்டது. ஈரலுக்கும் அதே நாளில் இரத்தம் எடுக்கிறார்கள். காரணமில்லாமல் இருமலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். நுரையீரலைக் கெடுத்தால் அது விளையாட்டில்லை.

என் ஒரே கோபம் ஒரு கிளினிக் மேல். சளிக்குப் போனவனிடம் என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்காமலேயே கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நானும் சொல்லவில்லை, அது என் தப்பு. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கவேண்டும், எனக்கு 5.8. பல் தேய்த்தாலே இரத்தம். வார்ஃபரின் கிளினிக்கில் இருக்கும் மலாய்க்கார மருந்தாளர்ப் பெண், "அங்கிள், அமியோடரோனே வார்ஃபரினின் வேகத்தைத் தூக்கிவிடுகிறது என்றுதானே உங்கள் டோஸைக் குறைத்தோம்! அதோடு இதுவுமா?" என்று திட்டித் தீர்த்தது. அமியோடரோனும் கிளாரித்ரோமைசினும் சேர்ந்தால் இதயத் துடிப்பையும் ஆபத்தாக மாற்றக்கூடுமாம். அன்றிலிருந்து மருந்துப் பட்டியல் பர்ஸில் இருக்கிறது. மருந்தோடு ஒத்துவராது என்று தம்புன் பம்ப்ளிமாஸ் பழத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டது அந்தப் பெண்; அதுதான் உண்மையான வருத்தம்.

நிறுத்திவிடலாமே என்கிறார்கள் உறவுக்காரர்கள். நிறுத்தினாலும் மாதக்கணக்கில் கொழுப்பிலும் ஈரலிலும் தங்கியிருக்கும் மருந்து இது. இரத்தக்குழாய் வழியாகப் போய்ச் சுட்டுச் சரிசெய்யும் அப்லேஷனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், தேதி வரவில்லை. அதுவரை போன மாதத்திலிருந்து தினம் அரை மாத்திரை. பாதியாக வெட்டும் சின்னப் பெட்டி பார்மசியில் கிடைத்தது, மனைவிதான் வெட்டித் தருகிறாள். நான் வெட்டினால் பொடியாகிவிடுகிறது.