கிள்ளிவிட்ட பருவுக்கு எது நல்லது: ஐஸா, பத்தா, பேட்சா, களிம்பா?

காவேரிப்பட்டணத்தில் மாம்பழ வரத்து குறையத் தொடங்கியிருந்த வாரம், அக்கா மகளின் மோவாயில் ஒரு பரு எழும்பியது. நிச்சயதார்த்தத்துக்கு ஐந்தே நாள். இரவு கண்ணாடி முன் நின்று இரண்டு விரல்களாலும் பிதுக்கிவிட்டாள். துளி சீழ், துளி இரத்தம். தீர்ந்தது என்று படுத்துவிட்டாள். காலையில் அந்த இடம் சுண்டைக்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. நடுவே மேல்தோல் உரிந்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடச் சொன்னார். அக்கா மாம்பழச் சூடு என்று மோர் கலக்கினார். எதிர்வீட்டுப் பெண் பற்பசையுடன் வந்தாள். ஓசூரில் வேலை பார்க்கும் தோழி, சாயங்காலம் பிம்பிள் பேட்ச் வாங்கி வருவதாகப் போனில் சொன்னாள். மருந்துக்கடைக்குப் போன அத்தான் ஒரு டியூபுடன் திரும்பினார். "எதைச் சித்தி போடுவது?" என்று அவள் கேட்டபோது குரல் உடைந்தது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மயிர்க்காலில் எண்ணெயும் இறந்த செல்களும் அடைத்துக்கொண்டு, உள்ளே கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகும்போது பரு சிவந்து வீங்குகிறது. பிதுக்கினால் கொஞ்சம் வெளியே வருகிறது; ஆனால் அதே அழுத்தத்தில் மயிர்க்காலின் சுவர் உள்ளே கிழிந்து, மிச்சம் சுற்றியுள்ள தோலுக்குள் பரவிவிடுகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்க்கிறது. மறுநாள் காணும் வீக்கம் அந்த எதிர்ப்புத்தான். ஆக, நேற்று இருந்தது பரு; இன்று இருப்பது மேலே ஒரு திறந்த புண்ணும் அடியில் ஒரு வீக்கமும். எந்த வைத்தியத்தையும் மூன்று கேள்விகளால்தான் எடைபோட வேண்டும். வீக்கத்தை வற்றவைக்கிறதா? புண்ணைச் சீண்டாமல் விடுகிறதா? நம்முடைய மாநிறத் தோலில் கறுப்புத் தடம் விழாமல் காக்கிறதா?

பாட்டியின் பத்தை நான் மரியாதையோடுதான் மறுத்தேன். தோல் கிழியாத வீக்கத்துக்குப் போட்டுப் பழகிய கை அது. வெற்றிலைச் சுண்ணாம்பு கடுமையான காரம்; உரிந்த தோலில் பட்டால் வெந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு வீக்கத்தைத் தணிக்கும் தன்மை இருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் அஞ்சறைப் பெட்டித் தூள் பச்சைப் புண்ணுக்கு வேண்டிய சுத்தத்தில் இருப்பதில்லை. இன்னொன்றும் உண்டு: மஞ்சள் படிந்தால் சிவப்பு பரவுகிறதா குறைகிறதா என்று பார்க்கவே முடியாது. பற்பசை எரிச்சலூட்டும். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் வெயிலில் வெந்து கறுக்கும். விடியற்காலை எச்சில் தடவுவதும் எங்கள் பக்கத்தில் உண்டு. வாயில் இருக்கும் கிருமிகளைப் புண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தவிர அதில் வேறு பலன் இல்லை. மோர் குடிக்கட்டும், நல்லதுதான். கிழிந்த தோலை அது ஒட்டவைக்காது.

அடுத்தது ஒத்தடம். குளிர்ந்ததா, வெதுவெதுப்பானதா என்பதில் பலரும் குழம்புகிறார்கள். கிள்ளிய முதல் நாளுக்கு ஐஸ்தான் சரி. ஐஸ் கட்டியை நேராக வைக்காமல், துவைத்த மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். இடைவெளி விட்டு மீண்டும் வைக்கலாம். இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வீக்கமும் குத்துவலியும் குறையும். வெந்நீர் ஒத்தடம் வேறு வகைப் பருவுக்கு உதவும்: வாய் திறக்காமல் ஆழத்தில் கல்லாக இருந்து வலிக்கும் பரு. அதற்குச் சூடு தாங்கும் அளவில் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை கொடுக்கலாம். உரிந்து கசியும் தோலில் சூடு வைத்தால் சிவப்பு கூடும். அவளுக்கு ஐஸ் கொடுத்தோம். காலையிலும் மதியமும் வைத்ததிலேயே வலி பாதியாகிவிட்டது என்றாள்.

பேட்சையும் வாஸலினையும் அருகருகே வைத்தால் இரண்டுமே நல்லவை. பேட்ச் என்பது ஹைட்ரோகொல்லாய்டு. புண்களுக்குக் கட்டுப் போடும் அதே பொருள் சிறு வட்டமாக வருகிறது. கசியும் நீரை உறிஞ்சும், புண்ணை ஈரப்பதத்தோடு ஆறவிடும், காய்ந்த பொருக்குக் கட்டவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விரலுக்கும் பருவுக்கும் நடுவில் ஒரு சுவராக நிற்கும். கிள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதற்கு ஈடு வேறில்லை என்பது என் முடிவு. குறைகளும் உண்டு. வாய் திறக்காத பருவில் பெரிதாக எதுவும் செய்யாது. வியர்த்தால் ஓரம் எழும்பும். தாடி முளைத்த மோவாயில் நிற்காது. அந்த இடங்களில் வாஸலின் போதும்: சுத்தமான நீரால் கழுவி, ஒற்றியெடுத்து, மெல்லிய படலமாகத் தடவலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் விரலைத் தடுக்காது. பஸ் பயணத்தில் புழுதியும் ஒட்டும். இரவில் பேட்ச், பகலில் வீட்டில் இருந்தால் வாஸலின் என்று வைத்துக்கொண்டோம். பேட்ச் கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் ஹைட்ரோகொல்லாய்டு கட்டு கேட்டு வாங்கி, சுத்தமான கத்தரியால் சிறிதாக வெட்டிக்கொள்ளலாம்.

பரு மருந்துகளில் பென்சாயில் பெராக்சைடுக்குத்தான் என் ஓட்டு. அது கிருமியைக் கொல்லும். கிருமி அதற்குப் பழகிப்போவதும் இல்லை. 2.5 சதவீதமே போதும். வீங்கிய பருக்களில் 10 சதவீதத்துக்கு ஏறக்குறைய இணையாகவே அது வேலை செய்கிறது, எரிச்சலும் குறைவு. பச்சைப் புண்ணின் மேல் மட்டும் போடாதீர்கள். மேல்தோல் மூடிய பிறகு தொடங்குங்கள். துணியை வெளுக்கவைக்கும் என்பதால் தலையணை உறை, துப்பட்டா, பட்டுப்புடவை எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். சாலிசிலிக் அமிலம் கரும்புள்ளி அடைப்புகளுக்கு ஏற்றது. இந்த வீக்கத்துக்கு வலுப் போதாது, புண்ணில் எரியும். கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாகத் தொடர்ந்து போட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும். அதனால்தான் மருத்துவர்கள் அதைப் பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்து எழுதுகிறார்கள்.

அத்தான் வாங்கி வந்த டியூபுக்கு வருகிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. கண்ணாடி போட்டு, வெளிச்சத்தில் திருப்பி, பின்பக்கச் சிறு எழுத்தைப் படித்தேன்: குளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல். முதலாவது மிக வீரியமான ஸ்டீராய்டு, இரண்டாவது ஆன்டிபயாட்டிக், மூன்றாவது பூஞ்சை மருந்து. "எல்லாத் தோல் கோளாறுக்கும் கேட்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். பலருக்குக் கேட்கவும் செய்கிறது; ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஒரே இரவில் சிவப்பு வற்றிவிடும். அடுத்த பருவுக்கும் அதையே தேடத் தோன்றும். வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும், புதிய பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும். திறந்த புண்ணில் போட்டால் ஆறுவது தாமதமாகும். தொற்று உள்ளே வளர்வதும் தெரியாது. 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் சீட்டில்லாமல் கைக்கு வருகிறது. தயவுசெய்து பெயரைப் படிக்காமல் எதையும் முகத்தில் தடவாதீர்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

அதே ஸ்டீராய்டு இனம் தோல் மருத்துவர் கையில் வேறு விதமாகப் பயன்படுகிறது. டிரையம்சினோலோனை நீர்க்கச் செய்து, மெல்லிய ஊசியால் கட்டிக்குள் ஒரு துளி செலுத்துவார்கள். ஓரிரண்டு நாளில், அதிகம் போனால் மூன்று நாளில் கட்டி அமுங்கிவிடும். அளவு கூடினால் குழி விழலாம் என்பதால் பழகிய கை வேண்டும். விசேஷம் நெருங்கிவிட்டது, ஆழத்தில் பெரிய கட்டி என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டினால் ஊசி தேவையா, மாத்திரையா, எதுவுமே வேண்டாமா என்று பார்த்துச் சொல்வார்கள்.

சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலும், தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலும், காய்ச்சல் வந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூக்குத் தண்டிலிருந்து இரு கடைவாய் வரையுள்ள முக்கோணத்தில் கிள்ளியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அப்பகுதி இரத்த நாளங்களுக்கு மூளையடி நாளங்களோடு தொடர்பு உண்டு. தொற்று அங்கே ஏறுவது மிக அரிது. ஆனால் கண் வீங்கினாலோ, கடும் தலைவலி வந்தாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அவளுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. இரண்டாம் இரவு கழிந்து பேட்சை உரித்தபோது அதன் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு உப்பியிருந்தது. அடியில் தோல் இளஞ்சிவப்பாக மூடத் தொடங்கியிருந்தது. நிச்சயத்தன்று வீக்கம் இல்லை, பழுப்பாக ஒரு தடம் மட்டும். மேக்கப் போட வந்த பெண் அதை எளிதாக மறைத்துவிட்டாள். இது ஆறாவது வாரம். தடம் கடுகளவுக்குச் சுருங்கியிருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறுமுன் தினமும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனை அந்த இடத்தில் இன்னொரு முறை தொட்டு வைத்துக்கொள்கிறாள்.