இறுதிச் சோதனை, சிக்ஸ் சிக்மா, கைசன்: எதில் தொடங்குவது?

வேலையின் தரம் குறைகிறது என்று தெரிந்ததும் நிர்வாகத்தின் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. முடிந்த வேலையைச் சோதித்து, செய்தவருக்கு மதிப்பெண் இடுவது முதல் வழி. தனிக்குழு அமைத்து, தரவுகளைத் திரட்டி, சிக்ஸ் சிக்மா திட்டமாக நடத்துவது இரண்டாவது. வேலை செய்பவர்களே அன்றாடம் சிறு சிறு திருத்தங்களைச் செய்துவரும் கைசன் மூன்றாவது. ஒரு பிழை நேர்ந்த பிறகு அதன் காரணம் தெரியவர எவ்வளவு காலம் ஆகிறது, அதைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற இரு கேள்விகளை வைத்து இவற்றை ஒப்பிடுவதே பயன் தரும்.

இறுதிச் சோதனையைத் தொடங்குவது எளிது. அதனாலேயே அது அதிகம் தவறாகப் பயன்படுகிறது. விண்ணப்பங்களைக் கணினியில் பதிவு செய்யும் ஒரு பிரிவில், ஒவ்வொருவரின் வேலையிலிருந்தும் மாதம் 10 பதிவுகளை எடுத்துப் பார்த்து மதிப்பெண் இடுவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 4 பதிவுகளில் தவறு செய்பவருடைய 10 பதிவுகளும் பிழையின்றி அமைய ஏறத்தாழ 66 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நூற்றுக்கு 2 பதிவுகளில் மட்டுமே தவறு செய்பவரின் மாதிரியில் ஒரு பிழையாவது அகப்பட 18 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இருமடங்கு பிழை செய்பவர் முழு மதிப்பெண் பெறுவதும், அவரைவிடக் கவனமானவரிடம் விளக்கம் கேட்கப்படுவதும் இந்த ஏற்பாட்டில் அடிக்கடி நடக்கக்கூடியவை. ஊதிய உயர்வை இத்தகைய மதிப்பெண்ணோடு பிணைப்பது அநியாயம் என்றே சொல்வேன்.

அமெரிக்கத் தர மேலாண்மை அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் இதைச் சிவப்பு மணிகளைக் கொண்டு காட்டினார். 4000 மணிகளில் 800 சிவப்பு. 50 குழிகள் உள்ள மட்டையால் ஒவ்வொருவரும் மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு மணி குறைபாடாகக் கணக்கிடப்படும். சராசரியாகப் பத்துச் சிவப்பு மணிகள் வரும் என்றாலும், ஆளுக்கு ஆள் எண்ணிக்கை கூடும், குறையும். குறைவாக அள்ளியவருக்குப் பாராட்டும் அதிகம் அள்ளியவருக்குக் கண்டிப்பும் கிடைக்கின்றன. ஆனால் பெட்டியில் எத்தனை சிவப்பு மணிகள் இருக்க வேண்டும் என்பதை அவர்களில் எவரும் முடிவு செய்யவில்லை.

சிக்ஸ் சிக்மா 1986இல் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் என்ற பொறியாளரின் முயற்சியில் உருவானது. பிழை நேரக்கூடிய பத்து லட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 குறைபாடுகள் என்பது அதன் இலக்கு. சிக்கலை வரையறுத்து, அளந்து, பகுத்தாய்ந்து, மேம்படுத்தி, கட்டுக்குள் வைப்பது அதன் வழிமுறை. பல கட்டங்களைக் கடந்து முடியும் வேலைகளில் இதன் வலிமை புலப்படும். ஒவ்வொரு கட்டமும் 99 விழுக்காடு சரியாக நடந்தாலும், 20 கட்டங்களைத் தாண்டிப் பிழையின்றி வெளிவருபவை ஏறத்தாழ 82 விழுக்காடுதான். எந்தக் கட்டத்தில் இருப்பவருக்கும் இந்த இழப்பு கண்ணில் படாது. முழு ஓட்டத்தையும் அளப்பவருக்கே தெரியும். ஆனால் திட்டம் முடிய மாதக்கணக்கில் ஆகிறது. குழு கலைந்ததும் பழைய பழக்கம் திரும்பிவிடும் அபாயமும் உண்டு.

கைசனின் பலம் வேகத்தில் இருக்கிறது. நூல் அறுந்த உடனே தானாக நின்றுவிடும் தறியை ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடா வடிவமைத்தார். அதே எண்ணம் டொயோட்டா கார் ஆலைகளில் ஆண்டன் கயிறாக வந்தது: கோளாற்றைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் வந்து பார்ப்பார், உரிய நேரத்துக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசை நிற்கும். மேற்சொன்ன பதிவுப் பிரிவில் பிறந்த தேதி 03/04 என்று எழுதிய ஒரு விண்ணப்பம் வருகிறது. எது நாள், எது மாதம்? ஊகித்துப் பதிவு செய்தால், தவறானால் அது ஊழியரின் பிழையாக எண்ணப்படும். அவர் வேலையை நிறுத்திக் கேட்கவும், கேட்கப்பட்டவர் நாளுக்கும் மாதத்துக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுப் படிவத்தை மாற்றவும் முடிந்தால், அந்தப் பிழைக்கே இடமில்லை. சிக்ஸ் சிக்மா குழுவும் இதைக் கண்டுபிடிக்கும். ஆனால் அதற்குள் எத்தனையோ தேதிகள் தவறாகப் பதிவாகியிருக்கும்.

கயிற்றை இழுத்தவர் ஒருமுறை திட்டு வாங்கினால் போதும், அடுத்து எவரும் இழுக்க மாட்டார்கள். கைசன் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். விளைவு பல வாரங்கள் கழித்து வேறொரு பிரிவில் தெரியும் பிழைகளையும் கைசனால் பிடிக்க முடியாது.

ஐஎஸ்ஓ 9001 இவற்றுக்குப் போட்டியன்று. 1987இல் முதலில் வெளியான அந்தப் பன்னாட்டுத் தர மேலாண்மைத் தரநிலை, நடைமுறையை வகுத்து அதன்படி நடக்கிறோமா என்று தணிக்கை செய்யச் சொல்கிறது; எந்த வழியில் மேம்படுத்துவது என்பதை நிறுவனத்திடமே விடுகிறது.

ஆகவே கைசனில் தொடங்குவதே சரி என்பது என் முடிவு. அதற்குத் துணையாக, அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம் வேண்டும். ஒரு நாளின் பிழை எண்ணிக்கை வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்குகிறதா, தனிக் காரணம் தேட வேண்டியதா என்பதை அது காட்டும். அன்றாடத் திருத்தங்களுக்குப் பிறகும் குறையாமல் நிற்கும் பிழைகளுக்கு மட்டும் சிக்ஸ் சிக்மா திட்டம் எடுக்கலாம். தவறினால் உயிருக்கு ஆபத்து என்ற இடங்களில் இறுதிச் சோதனை நீடிக்கத்தான் வேண்டும். பிற இடங்களில் அதை வைத்துக்கொண்டாலும், சோதனைத் தாளில் ஊழியரின் பெயருக்கு உரிய இடத்தில் பிழை எந்தக் கட்டத்தில், எந்தப் படிவத்தில், எந்த நேரத்தில் நேர்ந்தது என்பதை எழுதச் செய்ய வேண்டும்.