அந்தமானில் மூன்று நாள் பறவை டூர்: பகலுக்குக் கொடுத்த காசு அதிகம், ராத்திரிக்குக் கொடுத்தது கம்மி

பிப்ரவரியில் மச்சானும் நானும் போர்ட் பிளேர் போனோம். 2024இல் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் ஆட்டோக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை நாங்கள் பார்த்த எல்லோருக்கும் அது இன்னும் போர்ட் பிளேர்தான், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். ஸ்கூபா, ஹேவ்லாக், செல்லுலார் சிறை எதுவும் இந்தத் தடவை கிடையாது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவைகள் அந்தத் தீவுகளில் இருக்கின்றன, அதில் எத்தனை கண்ணில் படுகிறதோ படட்டும் என்று மட்டும்தான் போனது. மூன்று நாள், ஒரு கைடு, ஒரு வண்டி, இரண்டு ராத்திரி ஆந்தை தேடல், இருவருக்கும் சேர்த்து 27,000 ரூபாய். தங்குவதும் சாப்பாடும் நம் கணக்கு. கம்பெனி பெயரைப் போடவில்லை. திட்டவும் போகிறேன், கைடைப் பாராட்டவும் போகிறேன், பெயர் போட்டால் திட்டு மட்டும்தான் நிற்கும்.

முதலில் திட்டு. அவர்கள் அனுப்பிய நோட்டீஸில் முதல் படமே நார்கொண்டாம் இருவாச்சி. அந்தப் பறவை நார்கொண்டாம் என்ற ஒரே ஒரு குட்டித் தீவில் மட்டும் வாழ்வது. தீவின் பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர் போலத்தான், போர்ட் பிளேரிலிருந்து ரொம்ப தூரம், சுற்றுலாக்காரன் நினைத்தால் போய் இறங்கக்கூடிய இடமும் அல்ல. அதற்குக் கீழே நிக்கோபார் புறா. நிக்கோபாரிலும் பெரும்பாலான இடங்களுக்கு நம்மைப் போன்றவர்கள் அனுமதி இல்லாமல் டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. போனில் கேட்டபோது "அதெல்லாம் அந்தமான் நிக்கோபார் பறவைதானே சார்" என்றார்கள். சரிதான், மதுரை டூர் நோட்டீஸில் தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்டுவிட்டு அதுவும் தமிழ்நாடுதானே என்பது போல. எனக்கு முன்பே தெரிந்ததால் பிழைத்தேன், மச்சான் இருவாச்சிக்காகவே புது கேமரா லென்ஸ் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்.

முதல் நாள் சென்னை விமானம் இறங்கி, மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு சிப்பிகாட். இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. சுனாமி வந்தது, போனது, ஆனால் இறங்கிய நிலத்தில் புகுந்த கடல் தண்ணீர் போகவில்லை. நெல் விளைந்த வயல் உப்புச் சதுப்பாகிவிட்டது, செத்த மரங்கள் மொட்டையாக இன்னும் நிற்கின்றன. ரோட்டோரத்தில் முதலை எச்சரிக்கைப் பலகை. யாரோ ஒருவரின் வயலாக இருந்த அந்தத் தண்ணீரில்தான் அந்தமான் கிளுவை நீந்திக்கொண்டிருந்தது, பழுப்பு வாத்து, கண்ணைச் சுற்றி சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளை. நாங்கள் பதினொன்று எண்ணினோம். மச்சான் "சூப்பர்" என்று படமெடுத்துக்கொண்டே இருந்தார், எனக்கு என்னவோ அந்த மொட்டை மரங்களைத் தாண்டிப் பார்வை போகவில்லை. இந்தக் கதையைச் சொன்னது கைடு அல்ல, டிரைவர். அவர் பெரியப்பாவுக்கும் அந்தப் பக்கம் நிலம் இருந்ததாம்.

இந்த இடத்துக்குக் கைடு தேவையா என்றால், இல்லை. ஆட்டோ பிடித்துப் போய் ரோட்டில் நின்றாலே கிளுவை தெரியும்.

மறுநாள் சிடியா டாப்புவும் அப்படித்தான். நாலரைக்கே வண்டி வந்துவிட்டது. அந்தமான் கிழக்கே எங்கேயோ கிடக்கிறது, கடிகாரம் மட்டும் நம் கடிகாரம், அதனால் ஐந்தேகாலுக்கே வெளுத்துவிடுகிறது, சாயங்காலம் ஐந்தரைக்கு இருட்டிவிடுகிறது. நம் ஊர் பழக்கத்தில் ஏழு மணிக்கு எழுந்தால் பாதிப் பறவை போய்விடும். ஊரிலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் போல, பர்மா நாலா தாண்டிக் கடலோரமாகப் போகும் ரோடு, கடைசியில் இரண்டு பக்கமும் உயரமான காடு. வண்டியை விட்டு இறங்கி ரோட்டிலேயே நடந்தோம். ஒரு மணி நேரத்தில் அந்தமான் கரிச்சான் கூட்டம், அதன் பின்னாலேயே சாம்பல் தலையும் மஞ்சள் கண்ணுமாக அந்தமான் வால்காக்கை (இவை இரண்டும் சேர்ந்தே இரை தேடுமாம், கரிச்சான் சத்தம் கேட்டால் அண்ணாந்து நின்றால் போதும்), வெள்ளைத் தலை மைனா, அப்புறம் உடம்பு முழுக்கக் கறுப்பும் தலையில் மட்டும் சிவப்புக் கொண்டையுமாகக் காக்கை அளவில் ஒரு மரங்கொத்தி. அது பட்ட மரத்தில் கொத்துகிற சத்தம் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது, மச்சான் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். செண்பகப் பறவைகூட அங்கே வேறு. நம் வீட்டு வேலியில் பார்க்கிற கருப்பும் செங்கல் நிறமும் கிடையாது, தலையும் உடம்பும் வெளிறிய காப்பி நிறம். டீக்கடைப் பக்கம் வாழையில் பச்சைப் பசேலென்று ஒரு பல்லி, முதுகில் சிவப்புப் புள்ளி. பகலில் நடமாடும் பல்லி அது, அந்தமானுக்கே உரியது, அதன் சொந்தக்காரப் பல்லிகள் எல்லாம் மடகாஸ்கர் பக்கம். இடையில் இத்தனை கடலைத் தாண்டி அது எப்படி இங்கே வந்து உட்கார்ந்தது என்று கைடிடம் கேட்டேன். "பல்லி நம்ம லிஸ்டில் இல்லை அண்ணா" என்றார்.

இந்த லிஸ்ட்தான் எனக்குப் பிடிக்காத இரண்டாவது விஷயம். இத்தனை இனம் காட்டுவோம் என்று அலுவலகத்தில் சொல்லி விற்கிறார்கள், பாவம் கைடு பையன் அதைக் காட்டியாக வேண்டும். கானாங்கோழி ஒன்று ஓடைப் பக்கம் புதருக்குள் கத்தியது, அது வெளியே வரவேண்டும் என்று போனில் அதன் குரலைப் போட்டுப் போட்டுக் காட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை சரி. கால் மணி நேரம் போட்டால் அது தன் இடத்தில் வேறொரு கோழி புகுந்துவிட்டது என்று தவித்துக்கொண்டு ஓடுகிறது, இரை தேடுகிற நேரத்தை நமக்காக வீணாக்குகிறது. இந்தக் கும்பலுக்கு அடுத்து நாளைக்கு இன்னொரு கும்பல், அதே ஓடை, அதே கோழி. போதும் தம்பி, வராவிட்டால் போகட்டும் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, அது என் கற்பனையாகவும் இருக்கலாம். கோழி வரவில்லை.

இனி பாராட்டு. இருட்டின பிறகு அந்தப் பையன் வேறு ஆள்.

அந்தமானுக்கே உரிய ஆந்தைகள் நான்கு. அதில் நாங்கள் மூன்றைப் பார்த்தோம், நான்காவதைக் கேட்டோம். முதல் ராத்திரி சிப்பிகாட்டிலிருந்து திரும்புகிற வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார், எஞ்சினை அணைக்கச் சொன்னார், ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. எனக்குத் தவளைச் சத்தமும் தூரத்து டிவி சத்தமும்தான் கேட்டது. அவர் கையை மட்டும் நீட்டினார். மின்கம்பத்தின் மேல் கூகை. நம் ஊர்க் கோயில் கோபுரத்தில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்குமே, அதற்குத் தம்பி முறை, உருவத்தில் சிறியது, நிறம் மட்டும் செம்மண்ணில் புரட்டி எடுத்த மாதிரி. டார்ச்சை நேராக முகத்தில் அடிக்காமல் பக்கத்தில் இருந்த கிளையில் அடித்து, சிதறுகிற வெளிச்சத்தில் காட்டினார். இரண்டு நிமிடம், அணைத்துவிட்டார். பகலில் கானாங்கோழியைப் படுத்தியவரா இவர் என்று இருந்தது.

இரண்டாம் ராத்திரி சிடியா டாப்பு காட்டு ரோட்டில் இன்னும் நன்றாக இருந்தது. சின்ன ஆந்தை ஒன்று கைக்கெட்டும் உயரத்தில். பிறகு வேட்டைக்கார ஆந்தைகள் இரண்டு வகை, ஒன்று முழுக்கக் கரும்பழுப்பு, இன்னொன்றுக்கு நெஞ்சில் செம்பழுப்புக் கோடு, இருட்டில் எனக்கு இரண்டும் ஒரே ஆந்தைதான். அவர் குரலை வைத்தே பிரிக்கிறார். கோடு போட்டது கரகரவென்று ஒற்றைச் சத்தம் போடுகிறது, கறுப்பு இரண்டிரண்டாகக் கூவுகிறது, "இது ரெண்டு தடவை கூப்பிடும், அது ஒரே தடவைதான் கூப்பிடும், வராட்டி கோபம்" என்று தன் சந்தைத் தமிழில் விளக்கினார். வீட்டில் வங்காளம், தெருவில் இந்தி, தமிழ் மீன் மார்க்கெட்டில் கற்றதாம். கரும்பழுப்பு கிடைத்தது, மற்றது குரல் மட்டும். அதற்காக அவர் மன்னிப்புக் கேட்டதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

மூன்றாம் நாளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மவுண்ட் ஹேரியட், இதற்கும் 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று புதுப் பெயர். சாத்தமில் வண்டியைப் படகில் ஏற்றி பாம்பூ ஃபிளாட்டில் இறங்கிப் போக வேண்டும். முதல் படகுக்கு வரிசையில் இடம் பிடிக்க ஆளில்லாமல் அடுத்ததில் ஏறி, மேலே போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. 27,000 வாங்குகிறவர்கள் இதைக்கூடத் திட்டமிடவில்லை. பழைய இருபது ரூபாய் நோட்டில் இருக்கும் தென்னையும் கலங்கரை விளக்கமும் அந்த மலை வழியில்தான் தெரிகின்றன, படம் எடுத்துக்கொண்டோம். பாம்பு தின்னும் அந்தமான் கழுகு ஒன்று காட்டுக்குள் தாழ்ந்த கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது, அது ஒன்றுக்காக அந்த நாளை மன்னிக்கலாம். மரப்புறா கிடைக்கவில்லை.

என் கணக்கு இதுதான். சிப்பிகாட்டும் சிடியா டாப்புவும் பகலில் நீங்களே ஆட்டோவோ வாடகை ஸ்கூட்டரோ எடுத்துப் போகலாம், ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் யார் எங்கே என்ன பார்த்தார்கள் என்று முந்தின நாள் பார்த்துவிட்டுப் போனால் போதும், அவசரமில்லாமல் பல்லியையும் பார்க்கலாம். ராத்திரிக்கு மட்டும் கண்டிப்பாக ஆள் வேண்டும், காது பழகிய ஆள். போனில் பதிவு செய்யும்போதே குரல் போட்டுக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சொன்னால் கேட்கிறார்கள். ராத்திரிக்கு மட்டும் தனி ரேட் உண்டா என்று கடைசி நாள் அலுவலகத்தில் கேட்டேன். கிடையாது, மூன்று நாளும் சேர்த்துத்தான் என்றார்கள். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் இறங்கி வருவார்கள் என்று வெளியே வந்ததும் டிரைவர் அண்ணன் சொன்னார். போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள்.