பழைய யான்மாரா, பழைய குபோட்டாவா?

அமெரிக்காவில் ஐந்து, பத்து ஏக்கர் வைத்திருப்பவர் இருபது எச்.பி. அளவில் பழைய ஜப்பான் டிராக்டர் தேடினால், சுற்றிச் சுற்றி இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்பார்: சிவப்பு யான்மார், ஆரஞ்சு குபோட்டா. இரண்டும் நல்ல டீசல் எஞ்சின். இரண்டும் குறுகலான இடத்தில் வளைந்து திரும்பும். இழுவையையும் டீசல் செலவையும் ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்னும் பத்து வருடம் கழித்துக் கிளட்ச் தட்டும் ஹெட் கேஸ்கெட்டும் எங்கே கிடைக்கும்? அதை வைத்துப் பார்த்தால், கிரே மார்க்கெட் வண்டி, அதாவது நிறுவனத்தின் வழியாக இல்லாமல் வியாபாரிகள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் யான்மார். குபோட்டாதான் வேண்டுமென்றால் அமெரிக்காவில் முறைப்படி விற்ற மாடலை மட்டும் வாங்கலாம்.

இந்த வண்டிகள் அங்கே வந்த வழி மூன்று. முதல் வழி, சொந்தப் பெயரிலேயே டீலர் மூலம் விற்பனை. குபோட்டா 1972-ல் அமெரிக்காவில் தன் டிராக்டர் நிறுவனத்தைத் தொடங்கியது. பி7100, எல்245 எல்லாம் இந்த வகை. யான்மாரும் ஒய்எம்155, ஒய்எம்240 போன்றவற்றை அங்கே விற்றது. இரண்டாவது வழி, அடுத்தவர் பெயின்ட். ஜான் டீயர் 850, 950 இரண்டும் யான்மார் செய்து கொடுத்தவை. ஃபோர்டு 1000, 1600 ஷிபவுரா ஆலையில் பிறந்தவை. போலன்ஸ் சிறு டீசல்கள் இசெக்கி. இன்டர்நேஷனல் 234, 244, 254 மிட்சுபிஷி. மாஸி ஃபெர்குசன் 205, 210, 220 டோயோஷா, ஜப்பானில் அதற்கு ஹினோமோட்டோ என்று பெயர். மூன்றாவதுதான் கிரே மார்க்கெட்: ஜப்பானில் நெல்வயலில் உழைத்து முடித்த வண்டியை வியாபாரிகள் கன்டெய்னரில் வாரிக்கொண்டு வந்து விற்றது. லேபிள் எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். கையேடு இருக்காது.

ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

கிரே மார்க்கெட் வண்டிகளில் கணிசமானவை வியட்நாமில் இறங்கி, பிரித்துப் பூட்டி, பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தவை. பானெட் ஒரு மாடலுடையது, கியர் பெட்டி இன்னொன்றுடையது என்பதெல்லாம் அவற்றில் சகஜம். போல்ட் தலை, ரப்பர் ஹோஸ், கிரீஸ் நிப்பிள் என்று எல்லாவற்றின் மேலும் ஒரே நிறம் ஓடியிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். மணி மீட்டர் காட்டும் எண்ணுக்கு மதிப்பே கிடையாது. கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்வும் லோயர் லிங்க் (பின்னால் கருவி மாட்டும் கீழ்க் கைகள்) ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருப்பதும் உண்மையைச் சொல்லும்.

மாடலைத் தீர்மானிக்க எஞ்சினிலும் சேசிஸிலும் உள்ள தகட்டைப் பாருங்கள். சுற்றிலும் ஜப்பானிய எழுத்து இருந்தாலும் மாடல் எண் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும்தான் இருக்கும். யான்மாரில் முதல் இலக்கம் சிலிண்டர் எண்ணிக்கை. 2டிஆர்15, 2டிஆர்20 என்றால் இரண்டு சிலிண்டர். ஒய்எம்1500, ஒய்எம்2000 வண்டிகளின் எஞ்சின் அவை. ஜான் டீயர் 850-ல் உள்ள 3டி80 மூன்று சிலிண்டர், 80 மி.மீ. துளை. 950-ல் 3டி90, 90 மி.மீ. துளை. மாடலின் கடைசியில் டி (D) இருந்தால் நாலு சக்கர இழுவை. குபோட்டா எஞ்சினில் முதல் எழுத்து பேசும்: இசட் (Z) இரண்டு சிலிண்டர், டி (D) மூன்று, வி (V) நான்கு. தொடரும் எண் ஏறத்தாழ சிசி; பி7100-ன் டி750 எஞ்சின் 762 சிசி. குபோட்டாவில் நாலு சக்கர இழுவைக்கு டிடி (DT) என்று போடுவார்கள், எல்245டிடி போல.

குபோட்டாவில் கிரே வண்டியைப் பிரித்தறிவது எளிது. எல்1501, எல்2201, பி6001, பி7001 என்று 01-ல் முடிந்தால் அது ஜப்பான் உள்நாட்டு மாடல். எல்1 என்று எழுதி இடையில் கோடு போட்டுத் தொடரும் எண்கள், எக்ஸ்-20 போன்றவை, எல்லாம் அதே கூட்டம்தான். பி7001-ஐ பி7100 என்று விற்கப் பார்ப்பவர் எப்போதும் இருப்பார். நெருங்கிய உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல.

பாகம் எங்கே கிடைக்கும்

முதலில் பயப்படத் தேவையில்லாதவற்றைத் தள்ளிவிடலாம். பேரிங்கில் 6205, 6306 என்று உலகப் பொது எண் அடித்திருக்கும். ஆயில் சீலில் 35-50-8 என்று உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் இருக்கும். எந்த பேரிங் கடையிலும் வாங்கலாம், எந்த நிறுவனப் பெயரும் தேவையில்லை. ஃபில்டர், பெல்ட், ஸ்டார்ட்டர் மோட்டார் பிரஷ், பேட்டரி எல்லாம் இதே கணக்குதான்.

தலைவலி தருவது வேறு பட்டியல்: ஹெட் கேஸ்கெட், லைனர் பிஸ்டன், கிளட்ச் தட்டு, ஹைட்ராலிக் பம்ப், முன் அச்சின் பெவல் கியர், ஸ்டீயரிங் பெட்டி. இவற்றுக்கு அந்தந்த மாடலின் பாகமே வேண்டும். ஒன்று கிடைக்காவிட்டாலும் வண்டி கொட்டகையில் கிடக்கும்.

இங்கேதான் யான்மார் முந்துகிறது. கிரே மார்க்கெட்டில் மிக அதிகமாக வந்தது அதுதான். எண்ணிக்கை இருந்ததால் தனியார் பாக வியாபாரம் ஒன்று அதைச் சுற்றி வளர்ந்தது. ஒய்எம்2000 போன்ற பரவலான மாடலுக்கு கேஸ்கெட் செட், பிஸ்டன் ரிங், கிளட்ச் தட்டு எல்லாம் மாற்றுத் தயாரிப்பாகவே கிடைக்கும். அதன் அமெரிக்க உடன்பிறப்பு ஒய்எம்240. எஞ்சின் கேஸ்கெட்டை அந்தப் பெயரிலும் தேடலாம், ஆங்கிலக் கையேட்டையும் அந்தப் பெயரில் வாங்கலாம். நிறுவனத்தின் ஆதரவை நம்பி யான்மார் வாங்கச் சொல்லவில்லை. உடன்பிறப்பை நம்பித்தான் வாங்கச் சொல்வது. அமெரிக்காவில் உடன்பிறப்பு இல்லாத யான்மார் மாடல் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

குபோட்டாவின் கதை வேறு. தன் பெயர் தாங்கிய பழைய வண்டிகளை மற்றவர்கள் இறக்குமதி செய்வதைத் தடுக்க அது வழக்குத் தொடுத்தது. அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் 1997-ல் தடை உத்தரவு போட்டது. 1999-ல் கேமட் டிரேடிங் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஜப்பானில் விற்ற வண்டிக்கும் அமெரிக்காவில் விற்ற வண்டிக்கும் பொருள்படும் வேறுபாடு உண்டு, ஆங்கில எச்சரிக்கை லேபிள் இல்லை, பாகமும் சர்வீஸும் ஒன்றல்ல, எனவே வர்த்தகக் குறி மீறல் என்பதுதான் வாதம். சட்டத்தை விடுங்கள், வாங்குபவருக்கு அதிலுள்ள செய்தியைப் பாருங்கள். அந்த வண்டிக்கு அமெரிக்காவில் பாகம் இல்லை என்று செய்தவரே நீதிமன்றத்தில் சொல்லி ஜெயித்திருக்கிறார்! எல்1501-க்குக் கிளட்ச் கேட்டுப் போனால் டீலரின் அமெரிக்கப் பட்டியலில் அந்த மாடலே இருக்காது. பழைய தட்டைக் கையோடு எடுத்துப்போய் வெளிவிட்டம், ஸ்பிளைன் எண்ணிக்கை, ஹப் உயரம் மூன்றையும் அளந்து பொருத்தம் தேட வேண்டியதுதான்.

அதே குபோட்டா அமெரிக்க மாடலாக இருந்தால் நிலைமை தலைகீழ். பி7100-க்கும் எல்245-க்கும் டீலரிடமும் வெளியிலும் பாகம் உண்டு. திருப்பி விற்றால் விலையும் நிற்கும். கையில் பணம் இருப்பவருக்கு அது தவறான தேர்வு இல்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு ஜான் டீயர் 850 கிடைத்தால் அதை விடாதீர்கள். உள்ளே இருப்பது யான்மார், பாகப் பட்டியலும் கையேடும் ஜான் டீயருடையவை.

மிட்சுபிஷி, இசெக்கி வண்டிகள் மோசமில்லை. தமிழ்நாட்டில் ஓடும் விஎஸ்டி சக்தி எம்டி180டி மிட்சுபிஷி வழி வந்ததுதான். அமெரிக்காவில் அவற்றை வேறு பெயின்ட்டில் விற்ற பெயர்கள் பல இன்று வழக்கில் இல்லை. பாகம் தேடுவதற்கு முன் எந்தப் பெயரில் தேடுவது என்பதே வேலையாகிவிடும்.

வாங்கியபின் பொருத்துவது

முதலில் டயர். நாலு சக்கர வண்டியில் முன் சக்கரம் பின்னதைவிட ஒன்று முதல் ஐந்து சதவீதம் முந்தி ஓட வேண்டும். ஜப்பானின் உயரமான சேற்று டயரைக் கழற்றிவிட்டுக் கிடைத்த அளவை மாட்டினால் இந்தக் கணக்கு கெடும். கெட்டியான தரையில் முன் அச்சின் பெவல் கியர் பல்லை இழக்கும். சோதிப்பது எளிது. சரளைக்கல் தரையில் முன் இழுவையைத் துண்டித்து, பின் சக்கரம் பத்துச் சுற்று ஓடும்வரை முன் சக்கரம் எத்தனை சுற்று என்று சாக்பீஸ் குறி வைத்து எண்ணுங்கள். பிறகு இழுவையைச் சேர்த்து அதே பத்துச் சுற்று. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் 1.01-க்கும் 1.05-க்கும் இடையில் வர வேண்டும். ஒன்றுக்குக் கீழே போனால் முன் சக்கரம் பிரேக் போட்டபடி வருகிறது என்று அர்த்தம்.

அடுத்து இணைப்பு. ஜப்பானில் ரொட்டவேட்டரை நேரடியாகக் கவ்வும் குட்டை லிங்க் அமைப்பு பரவலாக உண்டு. அப்படி வந்த வண்டியில் டாப் லிங்க் மாட்டும் பிராக்கெட்டே இருக்காது, லோயர் லிங்கும் நீளம் போதாது. அமெரிக்கக் கருவிகள் பெரும்பாலும் வகை 1: கீழ் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. விலை பேசும்போதே மூன்று லிங்கும் இருக்கிறதா, பின் நுழைகிறதா என்று பாருங்கள்.

பிடிஓ தண்டு, அதாவது கருவியைச் சுழற்றும் பின் தண்டு, ஆறு ஸ்பிளைன், 1⅜ அங்குலம், அதில் சிக்கலில்லை. வேகத்தில்தான் சிக்கல். ஜப்பான் வண்டிகள் பலவற்றில் பிடிஓவுக்கு மூன்று நான்கு கியர் உண்டு. முதல் கியர் மட்டும் 540-க்குப் பக்கம். மற்றவை ரொட்டவேட்டருக்கானவை, 1,000-ஐயும் தாண்டலாம். புதர் வெட்டும் ரோட்டரி கட்டரை அந்தக் கியரில் ஓட்டினால் கியர்பாக்ஸ் சிதறும், பிளேடு பறக்கும். லீவரை முதல் கியர் தாண்டாதபடி ஒரு போல்ட் வைத்து மறித்துவிடுவது நல்லது. கட்டரின் அகலம் அடிக்கு ஐந்து எச்.பி. என்று வையுங்கள், ஒய்எம்2000-க்கு நாலடி போதும்.

கிளட்சை மிதித்தும் கட்டர் சுழன்றபடி வண்டியை முன்னே தள்ளினால், பிடிஓ கியர் பெட்டி வழியாக ஓடுகிறது என்று பொருள். ஓவர்ரன்னிங் கிளட்ச் (கட்டரின் சுழற்சி திரும்பி வண்டியைத் தள்ளாமல் விடும் இணைப்பு) மாட்டாமல் அந்த வண்டியில் கட்டர் ஓட்டக் கூடாது. வேலி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். அதை மாட்டினால் தண்டின் நீளம் சில அங்குலம் கூடும், ஆகவே குழாயை அளந்து வெட்ட வேண்டும். கருவி மிக நெருங்கும் நிலையில் ஓர் அங்குலம் இடைவெளி, மிக விலகும் நிலையில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றுக்குள் ஒன்று இருப்பது கட்டாயம்.

லோடர் (முன்னால் மண் அள்ளும் வாளி) மாட்டுபவர்கள் தவறுவது ஹோஸில். லோடர் வால்வில் பவர் பியாண்ட் வழி இருக்க வேண்டும்: பம்பிலிருந்து உள்ளே ஒன்று, பின் லிஃப்டுக்கு ஒன்று, டேங்குக்குத் திரும்ப ஒன்று. டேங்க் ஹோஸை மறந்து அடைத்துவிட்டால் வால்வு உடலே பிளக்கும். மரையையும் பாருங்கள். ஜப்பான் குழாய் மரை கால் அங்குலத்தில் அங்குலத்துக்கு 19 பல், அமெரிக்க மரை 18. இரண்டு சுற்று இனிமையாக ஏறும், பிறகு இறுக்கினால் வார்ப்பு விரிசல் விடும். அடாப்டர் வாங்கிப் போடுங்கள்.

கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவு பழைய கிரே வண்டிகளில் இருக்காது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் அதை இருபது எச்.பி.க்கு மேற்பட்ட புதிய டிராக்டர்கள் எல்லாவற்றிலும் போட ஒப்புக்கொண்டதே 1985-ல்தான். உள்ளூர் வெல்டரிடம் குழாய் வளைத்துப் போடுவது ஏமாற்று வேலை. ஜான் டீயர் 850 பக்கம் சாய இதுவும் ஒரு காரணம்: அதற்குச் சோதித்த கிட் தேடிப் பிடிக்கலாம்.

யான்மாரின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒய்எம்1500, ஒய்எம்2000 போன்ற பழைய இரண்டு சிலிண்டர்களில் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலேறிச் சுற்றும். ரேடியேட்டரில் மட்டம் மேல் ஹோஸுக்குக் கீழே இறங்கினால் சுழற்சி நின்றுவிடும், அடுத்தது ஹெட் கேஸ்கெட்தான். பின்னால் வந்த சில மாடல்களில் கிளட்ச் மிதிக்காமல் மாற்றும் பவர்ஷிஃப்ட் உண்டு. ஓட்ட சொகுசு. ஆனால் லீவர் போட்டபின் ஓரிரு நொடி யோசித்து நகரும் வண்டி என்றால் ஃபில்டர் அடைப்போடு முடியலாம், உள் கிளட்ச் பாக் வரைக்கும் போகலாம், கழற்றும்வரை தெரியாது. முதல் வண்டியாக வாங்குபவருக்குச் சாதாரண கியர் பெட்டியே மேல்.

குளிரில் ஸ்டார்ட் ஆவதில் குபோட்டா முந்துகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் குளோ பிளக் உண்டு. பழைய யான்மாரில் காற்றுக் குழாயில் டீசலைச் சொட்டி எரித்துச் சூடேற்றும் தெர்மோஸ்டார்ட்டும், அழுத்தத்தை விடுவிக்கும் லீவரும்தான். ஆகவே வாங்கப் போகும் நாளில் வண்டியை முன்கூட்டி ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் எஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.