தேதி மாறக்கூடிய பயணத்துக்கு மைல் டிக்கெட்: சேவரா, அட்வான்டேஜா?

சிங்கப்பூரில் வேலை, தஞ்சாவூரில் அப்பா அம்மா. நான்கு வருடத்துக்கும் மேலாக ஊருக்குப் போய்வருவது பெரும்பாலும் கிரிஸ்ஃப்ளையர் மைல்களில்தான். கிரிஸ்ஃப்ளையர் என்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டம்; பறப்பதாலும் கிரெடிட் கார்டு செலவாலும் சேரும் மைல்களைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம். சென்னை வரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ். இந்தப் பயணங்களில் பாதியாவது முதலில் போட்ட தேதியில் நடக்கவில்லை.

நான் போடும் மைல் டிக்கெட்டுகள் இரண்டு வகை: சேவர், அட்வான்டேஜ். சேவர் டிக்கெட்டுக்கு மைல் குறைவு. தேதி மாற்ற 25 அமெரிக்க டாலர், கேன்சல் செய்து மைல்களைத் திரும்ப வாங்க 75 டாலர் கட்டியிருக்கிறேன். அட்வான்டேஜுக்கு மைல் கணிசமாகக் கூடுதல். ஆனால் தேதி மாற்றத்துக்குக் கட்டணம் கிடையாது, கேன்சலுக்கு 50 டாலர். ஆரம்பத்தில் இந்த எண்களை மட்டும் பார்த்தேன். 25 டாலருக்காக யார் இவ்வளவு மைலைக் கொடுப்பார்கள் என்று எப்போதும் சேவர்தான்.

அப்பாவின் முழங்கால் ஆபரேஷன் அந்தக் கணக்கை மாற்றியது. சர்க்கரை கட்டுக்குள் வரட்டும் என்று டாக்டர் முதல் தடவை தள்ளிப்போட்டபோது ஒன்றும் சிரமமில்லை. 25 டாலர் கட்டினேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது தடவை தேதி டிசம்பர் நடுவில் போய் விழுந்தது. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. ராத்திரி பதினொரு மணிக்கு 9ஆம் தேதியிலிருந்து 22 வரை ஒவ்வொரு நாளாகத் தட்டிப் பார்த்தேன். சேவரில் எல்லா நாளும் வெயிட்லிஸ்ட். போனில் அம்மா, "நீ வந்தாத்தான் தியேட்டருக்குள்ள போவேன்னு உக்காந்திருக்காருடா" என்கிறார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கட்டணம் கட்டினால் தேதியை மாற்றலாம், சரி. மாறிப் போகிற நாளில் அதே வகையில் சீட் இருக்க வேண்டுமே? அட்வான்டேஜில் 12ஆம் தேதி இடம் இருந்தது. சேவரைக் கேன்சல் செய்துவிட்டு அதைப் போட்டேன். கூடுதல் மைல் வாங்கித் தருவது கட்டண விலக்கை அல்ல, நெருக்கடியான நாளில் ஒரு சீட்டை. அட்வான்டேஜை நான் மதிப்பது அதற்காகத்தான்.

அதன் பிறகு போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட் என்று தனித்தனியாகவே போடுகிறேன். போகும் தேதி ஓரளவு நம் கையில் இருக்கிறது, அதற்குச் சேவர் போதும். திரும்பும் தேதிதான் நழுவுகிறது. தையல் எப்போது பிரிப்பார்கள், பிசியோதெரபி எத்தனை நாள், அப்பா எப்போது தனியாக பாத்ரூம் போவார், இதெல்லாம் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் திரும்பும் டிக்கெட் அட்வான்டேஜ். தீபாவளி, பொங்கல், ஜூன், டிசம்பர் என்றால் இரண்டுமே அட்வான்டேஜ். கூட்டமில்லாத மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வர அந்தச் செலவு வேண்டியதில்லை.

கேன்சல் செய்யும் முன் இன்னொன்றைப் பாருங்கள். கிரிஸ்ஃப்ளையர் மைல்களுக்கு 36 மாத ஆயுள். டிக்கெட் போட்ட பிறகு அந்த மைல்களின் காலாவதி நாள் தாண்டிவிட்டால், கேன்சல் செய்தாலும் அவை திரும்ப வராது. அதே டிக்கெட்டின் தேதியை மாற்றிக்கொண்டால் பயன்படுத்திவிடலாம். ஆகவே பழைய மைல்களைத் தேதி உறுதியான பயணங்களில் தீர்த்துவிடுகிறேன். கிரெடிட் கார்டில் சேரும் பாயிண்டுகளையும் அவசரப்பட்டு மைலாக்குவதில்லை. வங்கியிலிருந்து ஒரு தடவை போய்விட்டால் திரும்பாது. என் கார்டில் பாயிண்டுக்குக் காலாவதி இல்லை, அங்கேயே கிடக்கட்டும். ஒரு பயணத்துக்குத் தேவையான மைல் மட்டும் எப்போதும் கணக்கில் இருக்கும். பாயிண்டு மைலாக மாறிவர நாள் பிடித்தால் அவசரத்துக்கு உதவாது அல்லவா?

அப்புறம் ரயில். விமானத் தேதியை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம், உழவனில் பெர்த் அப்படிக் கிடைக்காது. அந்த டிசம்பரில் தட்கல் கிடைக்காமல் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். விடிகாலையில் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது அப்பா சவரம் செய்துகொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். போவதற்குச் சேவர் போட்டாயிற்று. திரும்புவதற்கு அட்வான்டேஜ், இப்போதைக்கு 20ஆம் தேதி.