ஏர்ஃபிக்ஸ் 1/72 சீ ஹாரியர் எஃப்.ஏ.2: நாம் வாங்காத விமானத்துக்கு ஏற்ற கிட்

பிரிட்டிஷ் கடற்படை, கப்பலில் செங்குத்தாக இறங்கக்கூடிய தன் சீ ஹாரியர் எஃப்.ஏ.2 போர் விமானங்களுக்கு 2006 மார்ச்சில் ஓய்வு கொடுத்தது. அவற்றில் எட்டு வரை வாங்கலாமா என்று இந்தியக் கடற்படை அப்போது யோசித்தது. ப்ளூ விக்சன் ரேடாரையும் அம்ராம் ஏவுகணை வசதியையும் கழற்றிவிட்டுத்தான் தர முடியும் என்றது பிரிட்டன். புதுப்பிக்கும் செலவு வேறு. பேச்சு அந்த ஆண்டே முடிந்துபோனது. வாங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதைப் பார்க்கத்தான், 72-இல் ஒரு பங்கு அளவில் நாமே ஒட்டிக் கட்டும் இந்த பிளாஸ்டிக் மாடல் கிட்டை வாங்கினேன்.

நிஜத்தில் நடக்காததை ‘நடந்திருந்தால்?’ என்று கற்பனை செய்து கட்டும் வாட்-இஃப் மாடலில் நம் வட்டச் சின்னத்தை ஒட்டினால் மட்டும் எனக்குப் போதாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் வேண்டும். அந்த வகையில் இது அருமையான அடித்தளம். நம் கடற்படையிடம் இருந்த சீ ஹாரியர் மார்க் 51, எஃப்.ஏ.2-வுக்கு முந்தைய எஃப்.ஆர்.எஸ்.1 வகை. எஃப்.ஏ.2-வுக்கு மூக்கு பருத்தது. இறக்கைக்குப் பின்னால் உடல் 35 செ.மீ. நீண்டது. இந்த அளவில் அது 5 மி.மீ. பழைய வகை கிட்டை அறுத்து நீட்டுவதைவிட நேராக எஃப்.ஏ.2 கிட்டையே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். கட்டி முடித்தால் 20 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, அலமாரியில் இடம் கேட்காது.

சரி, ரேடார் இல்லாமல் வந்த விமானத்தில் எதைப் பொருத்தியிருப்பார்கள்? நம் மார்க் 51-களில் இஸ்ரேலின் இ.எல்.எம்-2032 ரேடாரும் டெர்பி ஏவுகணையும் ஏறின. இதிலும் அவையே வந்திருக்கும். மூக்கின் வடிவத்தை மாற்றத் தேவையில்லை. உள்ளே இருப்பது மட்டும்தான் வேறு. ஏவுகணைதான் சுவையான வேலை. டெர்பியின் நீளம் 3.62 மீட்டர், கிட்டத்தட்ட அம்ராம் அளவு. விட்டத்தில் இந்த அளவில் கால் மி.மீ. வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. அம்ராமின் நடு இறக்கைகளைச் சீவிவிட்டு, முன்பக்கம் நான்கு சிறு முக்கோணத் துடுப்புகளை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினேன். பின்பக்கத் துடுப்புகளை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். இந்த ஒரு மாற்றத்திலேயே விமானம் பிரிட்டனை விட்டு வந்துவிடுகிறது.

வண்ணத்தில் நிறைய யோசித்தேன். 1983-இல் கோவாவுக்கு வந்த முதல் சீ ஹாரியர்களின் வண்ணத்தையே தேர்ந்தெடுத்தேன்: மேலே கருஞ்சாம்பல், கீழே வெள்ளை. 2006-க்கு அது பழைய பாணி என்று வாதிடலாம். ஆனால் விராட் விமானந்தாங்கிக் கப்பலை நினைத்துப் பாருங்கள். 1982 ஃபாக்லாந்து போரில் சீ ஹாரியர்களைச் சுமந்த பிரிட்டனின் ஹெர்மிஸ் கப்பல்தான் 1987 முதல் 2017 வரை நம் விராட். அந்தத் தளத்தில் இந்த வண்ணம் நிற்பதை மாடலிலாவது பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வாலில் நம் சீ ஹாரியர்களை இயக்கிய 300-ஆம் ஸ்குவாட்ரனின் பாயும் வெள்ளைப் புலி. எண் ஐஎன் 624. 601-இல் தொடங்கிய வரிசையில் நாம் வாங்கிய ஒற்றை இருக்கை விமானங்கள் 23. அடுத்த எண் இதுதானே!

பெட்டியில் இருப்பது பிரிட்டிஷ் டெக்கல்கள் (மாடலில் ஒட்டும் அச்சிட்ட சின்னங்கள்). இந்தியச் சின்னங்களைத் தனியாக வாங்கினேன். வாங்கிய இடத்தைச் சொல்லப்போவதில்லை, வெள்ளை மை மிக மெலிது. கருஞ்சாம்பலின் மேல் காவி மங்கி அழுக்காகத் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஒட்டியபிறகுதான் நிறம் எழுந்தது. ஆகவே சின்னங்களை இரண்டு தொகுதியாக வாங்குங்கள். வெள்ளைப் புலியை நான் கையால் வரைந்தேன், அது டெக்கலைவிட நன்றாக வந்தது.

கட்டும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஹாரியருக்கு நடுவில் முன்னும் பின்னும் சக்கரம், இறக்கை ஓரங்களில் மெல்லிய துணைக்கால்கள். எல்லாம் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். நடுக்கால்களின் பசை நன்றாகக் காய்ந்து விமானம் நேராக நின்றபின், துணைக்கால்களைக் கடைசியாக ஒட்டுங்கள். என்ஜின் விசிறியைக் காற்றுவாய்களை மூடுவதற்கு முன்பே வண்ணமடித்துவிடுங்கள். அந்தப் பெரிய வாய்களுக்குள் பிறகு பிரஷ் போகாது.

முதல் கிட்டாக இதை வாங்கச் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று ஜெட் கட்டியவர்கள் தாராளமாக எடுக்கலாம். நான் இன்னொன்றும் எடுக்கப்போகிறேன், அடுத்தது ஐஎன் 625.